மைசூர்பாகைத் திருப்பிக் கொடுத்த ஜட்ஜ்

எண்பதுகளின் நடுவில் நாங்கள் அமெரிக்காவில் பார்சிப்பனி என்ற ஊரில் குடியிருந்தபோது பக்கத்து வீட்டில் ஒரு ஜட்ஜ் இருந்தார். வெள்ளைக்காரப் பெண்மணி, தனிக்கட்டை. நான் அவரை ஜட்ஜ் ஆன்ட்டி என்பேன். சனிக்கிழமைகளில் புல்வெட்டும் மெஷினை அவரே தள்ளிக்கொண்டு போவார். ஜட்ஜ் என்றால் முன்னால் ஒரு டவாலி நடக்க வேண்டும் என்று நினைத்திருந்த அப்பாவுக்கு அது பெரிய அதிர்ச்சி.

ஆன்ட்டியின் கதையை அம்மா வேலியோரம் நின்று கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். பகலில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடித்துவிட்டு, சாயங்காலம் சட்டக் கல்லூரிக்குப் போனவர். பட்டம் வாங்கிய பிறகும் டைப் அடிக்கத்தான் கூப்பிட்டார்களாம். விடாமல் முட்டி மோதி அரசு வக்கீலாகி, பல வருஷம் கழித்து மாநில நீதிமன்றத்தில் ஜட்ஜாகியிருந்தார். இதைச் சொல்லும்போது அம்மாவின் குரலில் சொந்தத் தங்கையைப் பற்றிப் பேசுகிற பெருமை இருக்கும்.

அந்தச் சமயத்தில் அப்பா ஃப்ரீவேயில் காரை வேகமாக ஓட்டி, போலீசிடம் மாட்டி அபராத டிக்கெட் வாங்கினார். பக்கத்து வீட்டில் ஜட்ஜை வைத்துக்கொண்டு டிக்கெட்டுக்காகக் கோர்ட்டில் போய் நிற்பது அவருக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. ஒரு தட்டு நிறைய மைசூர்பாகுடன் என்னையும் கூட்டிக்கொண்டு போய், யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லும்படி கேட்டார். ஆன்ட்டி சிரித்த முகம் மாறாமல், அது தன்னால் முடியாது, இனி அதைப் பற்றித் தன்னிடம் பேசவும் கூடாது என்று சொல்லித் தட்டை அப்படியே திருப்பித் தந்தார். தட்டைக் காலியாகத் திருப்பிக் கொடுப்பதே எங்கள் வீட்டில் மரியாதைக் குறைவு. நிறைந்த தட்டைத் திருப்பிக் கொடுத்தால் அதை என்னவென்று சொல்வது? அப்பா அபராதத்தைக் கட்டிவிட்டு, ஒரு வருஷம் அந்த வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்கு ஒன்பது வயதானபோது ஒரு மாலை கோட்டுப் போட்ட ஒருவர் மத்திய அரசின் அடையாள அட்டையைக் காட்டிக்கொண்டு வாசலில் நின்றார். எங்கள் கிரீன் கார்டு அப்போது விண்ணப்ப நிலையில் இருந்தது. அதற்காகத்தான் வந்திருக்கிறார் என்று அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவரோ ஆன்ட்டியைப் பற்றி விசாரிக்க வந்திருந்தார். மத்திய நீதிமன்றத்துக்கு அவர் பெயர் போகிறது, ஜனாதிபதி நியமித்து செனட்டும் சம்மதித்தால் ஆயுள் முழுக்க ஜட்ஜ், அதற்கு முன்னால் அக்கம்பக்கத்தில் கேட்பது வழக்கம் என்று விளக்கினார். ஆன்ட்டி நேர்மையானவரா, பதவியை வைத்து யாருக்காவது சலுகை காட்டியதுண்டா என்பதுதான் கேள்வி.

அப்பா ஒரு வருஷக் கோபத்தை ஒரு நொடியில் மறந்தார். வெளியாள் முன்னால் பக்கத்து வீட்டுக்காரரை விட்டுக்கொடுப்பாரா? தங்கமான மனுஷி, எங்களுக்குக் கூடப் பிறந்தவள் மாதிரி, ஒரு வார்த்தை சொன்னால் போதும், எதையும் முடித்துக் கொடுப்பார் என்று அடுக்கினார். என் டிக்கெட்டைக்கூட, என்று கையை வேறு வீசிக் காட்டினார். ஒரு ஜட்ஜைப் புகழ இதைவிட உயர்ந்த வார்த்தை அவருக்குத் தெரியாது. எழுதிக்கொண்டிருந்த அதிகாரியின் பேனா நின்றது. டிக்கெட்டையுமா என்று மெதுவாகத் திருப்பிக் கேட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. விருந்தாளி எதிரே வீட்டு விஷயம் பேசுவதென்றால் தமிழில்தான் பேச வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அதனால் தமிழிலேயே சொன்னேன்.

“அப்பா, ஆன்ட்டி ஒண்ணும் பண்ணலையே. நீங்கதான் கேட்டீங்க, அவங்க முடியாதுன்னுட்டாங்க. ஸ்வீட்டைக்கூடத் திருப்பிக் குடுத்துட்டாங்க.”

குழந்தை என்ன சொல்கிறாள் என்று அதிகாரி அப்பாவைக் கேட்டார். சமையலறை வாசலில் அம்மா கண்ணாலேயே வேண்டாம் என்றாள். அப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நான் சொன்னதை ஒன்றுவிடாமல் இங்கிலீஷில் சொன்னார். தானாகப் போய் உதவி கேட்டதாகவும், அவர் மறுத்துவிட்டதாகவும், சற்றுமுன் தன் வாயால் சொன்னது பொய் என்றும் சேர்த்துச் சொன்னார். மைசூர்பாகை விட்டுவிடுவாரோ என்று நான் காத்திருந்தேன். அதையும் சொன்னார். அதிகாரி வெகுநேரம் எழுதினார்.

அவர் போனதும் அம்மா அழ ஆரம்பித்தாள். “கார்டு வராத நேரத்துல கவர்ன்மென்ட் ஆள்கிட்ட இப்படியா சொல்வாங்க? ஜட்ஜ்கிட்ட சிபாரிசுக்குப் போனீங்கன்னு எழுதிட்டுப் போறான்.”

“அந்தம்மா பேரு கெடக் கூடாது,” என்றார் அப்பா.

அதன்பின் பல வாரங்கள் அப்பா ஆபீசிலிருந்து வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் தபால்பெட்டியைத் திறந்து பார்ப்பார். என்னிடம் அதிகம் பேசமாட்டார். மானத்தை வாங்கிவிட்டேன் என்று என்மேல் கோபம் என நினைத்துக்கொண்டேன்.

சில மாதங்களில் ஆன்ட்டி மத்திய நீதிமன்ற ஜட்ஜானார். பதவியேற்புக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார். கறுப்பு அங்கியில் கையை உயர்த்தி அவர் உறுதிமொழி சொன்னார். டைப் அடித்த கை அது என்று அம்மா காதோரம் சொன்னாள். எங்கள் வரிசையில் முதலில் எழுந்து கைதட்டியவர் அப்பா. கார்டு வர இன்னும் ஒரு வருஷம் ஆனது.

இந்தப் பதவியில் எனக்கும் பங்குண்டு என்று பள்ளிக்கூடத்தில் வெகுநாள் பீற்றிக்கொண்டேன். என் கணக்கில், உண்மையைச் சொன்னவள் நான், அப்பா மாட்டிக்கொண்டவர். அந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது, பிள்ளைக்குப் பசிக்கிறதாம் என்று அப்பா சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார் என்பது எனக்குப் பல வருஷங்கள் தோன்றவே இல்லை.