ஸ்கோப் தலைவலி

மைக்ரோஸ்கோப் என்று முழுப் பெயரை எங்கள் லைனில் யாரும் சொன்னதில்லை. ஸ்கோப் என்போம். எட்டு மணி நேரம் அதற்குள் பார்த்தபடி, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை எலெக்ட்ரானிக் சில்லின் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு ஒட்ட வேண்டும். அதுதான் வேலை. தலை வலிக்கும். கண்ணுக்குள் பூச்சி பறக்கும். ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் வெயிலில் பொறி பொறியாக ஏதோ மின்னும். புதிதாகச் சேர்ந்த பெண்கள் பயந்துபோய் லைன் லீடரிடம் வருவார்கள். லைன் லீடர் நான்.

"ஸ்கோப் தலைவலிதான்லா. தைலம் தேச்சுப் படு, காலையில சரியாப் போயிடும்" என்பேன். மறுநாள் காலையில் சரியாகத்தான் போயிருக்கும். ஒன்பது வருடம் இதையே சொல்லி ஒரு தடவைகூட என் பேச்சு தப்பாகப் போனதில்லை. வினையே அதில்தான் இருந்தது.

என் தம்பியின் மனைவியும் அதே தொழிற்சாலைதான். கடலுக்கு அந்தப் பக்கம், நிபோங் திபாலில் ஒரு ரப்பர்த் தோட்டத்திலிருந்து வேலைக்கு வந்த பெண். முதல் நாள் ஸ்கோப் முன்னால் உட்காரவைத்து வேலை சொல்லிக் கொடுத்தது நான். இரண்டு வருடம் கழித்துத் தம்பிக்குப் பேசி முடித்ததும் நான். கல்யாணத்துக்குப் பிறகும் அவள் என்னை அண்ணி என்று கூப்பிடவில்லை. லைனில் எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி அக்காதான். எங்கள் அப்பாவும் அம்மாவும் போய் வெகு நாளாகிவிட்டது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பாயான் பாருவில் வாடகை வீடு, மூன்று பேர். எந்த மீன் வாங்குவது என்பதிலிருந்து யார் எப்போது லீவு போடுவது என்பது வரை நான் சொன்னதுதான் நடக்கும். வீட்டுக்கும் லைன் லீடர் நான்தான் என்று தம்பி கிண்டல் செய்வான். எனக்கு அதில் உள்ளூரப் பெருமை.

அவளுக்குப் பிள்ளை உண்டாகி ஆறு மாதம் முடிந்து ஏழு தொடங்கியதும் வயிறு ஸ்கோப் மேசையில் இடிக்க ஆரம்பித்தது. இடித்தால் உடம்பை முன்னால் சாய்த்துக் கண்ணை வைக்க முடியாது. அப்படி ஆகிற பெண்களைப் பேக்கிங்குக்கு அனுப்பிவிடுவது எங்கள் வழக்கம். அங்கே நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு பெட்டியில் அடுக்கினால் போதும். அவளை மாற்றுவதற்கான சீட்டை நான்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை, வேலை முடிந்து தொழிற்சாலை பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். என் மடியில் ஒரு பேப்பர். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வளைகாப்பு. என்னென்ன வாங்க வேண்டும் என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, நேத்துலேருந்து தலை பின்னால இடிக்குது. கண்ணுல பொறி பறக்குது. கிளினிக்குப் போய்ப் பார்ப்போமா?" என்றாள்.

"ஸ்கோப்தான்லா அது" என்றேன். பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "எலுமிச்சம்பழம் முப்பது போதுமா?"

அவள் போதும் என்றாள்.

வியாழக்கிழமை தலைவலி மாத்திரை இரண்டு கொடுத்தேன். வெள்ளிக்கிழமை காலையில் கல்யாண மோதிரம் விரலில் இறுகிவிட்டது என்று காட்டினாள். முகமும் கொஞ்சம் உப்பியிருந்தது. பிள்ளைத்தாய்ச்சிக்கு நீர் கோர்ப்பது சகஜம்தானே. அன்று சாயங்காலம் தம்பி சமையலறைக்கு வந்து நின்றான். "அக்கா, ராத்திரியெல்லாம் அவ தூங்கல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகவா?" என்றான். எனக்கு எரிச்சல் வந்தது. "ஞாயித்துக்கிழமை விசேஷத்தை வெச்சுக்கிட்டு ஆஸ்பத்திரியில போய் உக்காருவியா? வார்டுல படுன்னு சொன்னா என்ன பண்ணுவே? நாலு நாள் ரெஸ்ட் எடுத்தா போயிடும். நானும் ஒம்போது வருஷமா பாக்குறேன்" என்றேன். அவன் திரும்பிப் போய்விட்டான். எனக்கு முன்னால் அவன் வாதாடிப் பழகியவன் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவளுடைய அம்மா நிபோங் திபாலிலிருந்து ஒரு வேன் பிடித்துக்கொண்டு சொந்தக்காரப் பெண்களோடு வந்து இறங்கினார். கடலைத் தாண்ட அப்போது பாலம் கிடையாது, வேனோடு ஃபெரியில் ஏறித்தான் எங்கள் தீவுக்கு வர வேண்டும். வளையல் போட்டு முடித்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், பிரசவம் அங்கே. வந்த வேன் அதற்காக வாசலிலேயே நின்றது. லைனிலிருந்தும் ஏழெட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம், தயிர்ச்சாதம், வெல்லச்சாதம் எல்லாம் கூடத்து ஓரத்தில் மூடி வைத்திருந்தது.

அவளைப் பட்டுப்புடவையில் உட்காரவைத்தோம். கன்னத்தில் சந்தனம் பூசியபோது பார்த்தேன். முகம் பளபளவென்று இருந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். "என்னமா பூரிச்சிருக்கா பாரு" என்றார் அவளுடைய அம்மா. அளவு பார்த்து வாங்கிய கண்ணாடி வளையல்தான், ஆனால் கையில் ஏறவில்லை. இரண்டு உடைந்தன. யாரோ சவர்க்கார நீர் கொண்டுவந்தார்கள். வழுக்கி வழுக்கி ஏற்றினார்கள். வளையல் ஏறிய இடத்தில் சதை பள்ளம் விழுந்து, அந்தப் பள்ளம் அப்படியே நின்றது. அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அப்போது என் லைன் பெண் ஒருத்தி, எப்போதும் வாய் அடங்காதவள், சிரித்துக்கொண்டே சொன்னாள்: "ஏன் குண்டாக மாட்டா? ரெண்டு வாரமா ஸ்கோப்பும் கிடையாது, டார்கெட்டும் கிடையாது. பேக்கிங்ல ஜாலியா உக்காந்துக்கிட்டு இருக்கா!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

இரண்டு வாரமாக அவள் ஸ்கோப்பையே பார்க்கவில்லை. அனுப்பியவள் நான். கையெழுத்து என்னுடையது. ஸ்கோப் பார்க்காதவளுக்கு எங்கிருந்து ஸ்கோப் தலைவலி வரும்? 'நான் பேக்கிங்கில் அல்லவா இருக்கிறேன்' என்று புதன்கிழமை பஸ்ஸிலேயே அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பேசிய பேச்சை மறுத்து ஒரு வார்த்தை சொல்ல விடுகிற ஆளாக நான் இருந்ததில்லை.

அவள் பக்கத்தில் போய்க் குனிந்து, "இப்போ தலை எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "இருக்குக்கா" என்றாள். "இங்கயும் வலிக்குது." நெஞ்சுக்குக் கீழே, வயிற்றின் மேல்பக்கத்தில் கையை வைத்துக் காட்டினாள்.

ஆரத்தி எடுத்து முடிந்ததும் அவள் அம்மாவைத் தனியாக அழைத்தேன். "அத்தை, போற வழியில ஆஸ்பத்திரியில ஒரு தடவை காட்டிட்டுப் போகலாமா?" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "வளையல் போட்ட கையோட ஆஸ்பத்திரியாம்மா? நல்ல நாளும் அதுவுமா? தோட்டத்துல டிரெசர் இருக்காரு, நாளைக்குக் காட்டிக்கலாம்" என்றார். தோட்டத்து மருந்துக்கடை மாதிரி இருக்கிற சின்ன ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்கிறவர்தான் டிரெசர். காய்ச்சல், வெட்டுக்காயம் எல்லாவற்றுக்கும் அவர்தான்.

தம்பி கேட்டுக்கொண்டு நின்றான். "நீதானேக்கா ஸ்கோப்புன்னு சொன்னே?" என்றான். குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். கூடம் நிறைய என் லைன் பெண்கள். "ஃபெரி வரைக்கும் நானும் வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தம்பியோடு வேனில் ஏறிக்கொண்டேன்.

டவுன் வரைக்கும் ஒரே சாலைதான். ஃபெரிக்கும் அதுதான், பெரிய ஆஸ்பத்திரிக்கும் அதுதான். ஆகவே முடிவு செய்ய எனக்கு இருபது நிமிடம் கிடைத்தது. அந்த இருபது நிமிடமும் நான் என்ன யோசித்தேன் என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொன்னால் சம்பந்தி வீட்டார் முன்னால் என் மானம் போகும் என்று யோசித்தேன். ஏதோ இருக்கிறது என்று சொன்னால் தம்பி முகத்தில் எப்படி விழிப்பது என்றும் யோசித்தேன். இரண்டு பக்கமும் நான்தான் இருந்தேன். அவள் இல்லை.

அவள் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். வெளிச்சம் குத்துகிறதாம். ஒரு தடவை முந்தானையை எடுத்து என்னைப் பார்த்தாள். "அக்கா, உங்க முகம் பாதிதான் தெரியுது" என்றாள்.

"அண்ணே, ஆஸ்பத்திரிக்குத் திருப்புங்க" என்றேன் வேன் ஓட்டுகிறவரிடம். அவர் கண்ணாடியில் பெண்ணின் அம்மாவைப் பார்த்தார். "அவங்களைப் பார்க்காதீங்க, திருப்புங்க!" என்று கத்தினேன். பின்னால் பெண்கள் ஏதேதோ சொன்னார்கள். அவர் திருப்பிவிட்டார்.

அவசரப் பிரிவில் இரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் இன்னொரு தடவை பார்த்தார். பிறகு யாரையோ சத்தம் போட்டுக் கூப்பிட்டார். ஒரு சீன டாக்டர் வந்தார், இளம் வயதுப் பெண். தலைவலியும் கண் மங்கலும் எத்தனை நாளாக என்று மலாயில் கேட்டார்.

தம்பி மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரிடம், "ஹாரி இனி" என்றாள். இன்றைக்குத்தான் என்று.

அவள் புருஷன் ஒரு பக்கம், அவள் அம்மா ஒரு பக்கம், நடுவில் நான். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அப்படிச் சொன்னாள். அந்த நிலையிலும் அதற்கு அவளுக்கு நிதானம் இருந்தது.

"இல்லை" என்று மலாயில் சொன்னேன். "ஐந்து நாளாக. செவ்வாய்க்கிழமையிலிருந்து. மறுநாளே என்னிடம் சொன்னாள். ஒன்றுமில்லை என்று சொன்னது நான்." பிறகு தம்பியும் அவள் அம்மாவும் தப்பாமல் கேட்க வேண்டும் என்று தமிழிலும் சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டார்.

வளையல்களைத் துணி சுற்றி ஒவ்வொன்றாக உடைத்து எடுத்தார்கள். ஊசி போட்டார்கள். உள்ளே கொண்டுபோன கொஞ்ச நேரத்தில் பிரஷர் அளவு மீறி வலிப்பு வந்தது என்று பிறகு சொன்னார்கள். மாலையில் ஆபரேஷன். பெண் குழந்தை. இரண்டு நாள் இருந்தது. தம்பி பார்த்தான், நானும் கண்ணாடிக்கு வெளியே நின்று ஒரு தடவை பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்கு முதுகு. அவள் எழுந்து பார்க்கிற நிலைக்கு வருவதற்குள் குழந்தை போய்விட்டது.

அந்த ஃபெரியில் ஏறியிருந்தால் தாயும் பிழைத்திருக்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னார். புதன்கிழமையே வந்திருந்தால் குழந்தை பிழைத்திருக்குமா என்று நான் கேட்கவில்லை. அவரும் தானாகச் சொல்லவில்லை.

வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. அவளுடைய அம்மாகூட, "திருப்புன்னு சொன்னியேம்மா, அது போதும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். தம்பி பழையபடி பேசினான். அவளும் அக்கா என்றுதான் கூப்பிட்டாள். மூன்று மாதத்தில் வேலைக்குத் திரும்பி வந்தாள். லைனில் யாராவது தலை வலிக்கிறது என்று வந்தால் நான் ஒன்றும் சொல்லாமல் கிளினிக் சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவேன். அதற்காக மேலாளரிடம் இரண்டு தடவை பேச்சு வாங்கினேன்.

இரண்டு வருடம் கழித்து அவள் மறுபடியும் முழுகாமல் இருந்தாள். எட்டாவது மாதம். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாப்பாட்டு இடைவேளை முடிந்து லைனுக்கு வந்தபோது எனக்கு போன் என்றார்கள். தம்பிதான். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து பேசினான்.

"அக்கா, அவளுக்குக் காலையில வேலையில இருக்கறப்போவே தலை வலிச்சுதாம். டாக்சி புடிச்சு நேரா இங்க வந்துட்டா. பிரஷர் கூடியிருக்குன்னு வார்டுல சேத்துட்டாங்க. நேரத்தோட வந்ததால பயமில்லன்னு டாக்டர் சொன்னாரு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றான்.

அவள் இருந்த பேக்கிங் பகுதிக்கும் என் லைனுக்கும் நடுவில் ஒரு கண்ணாடிக் கதவுதான். கேட்டில் இருந்த காவலாளியிடம் சொல்லிக்கொண்டு போயிருக்கிறாள். பக்கத்து நாற்காலிக்காரியிடம் சொல்லியிருக்கிறாள். என்னிடம் கேட்கவில்லை.

நல்லவேளை கேட்கவில்லை என்று நினைத்தேன். மனதாரத்தான் நினைத்தேன். போனை வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.