தூருனின் பணத்தில் ஹால்வர் வாங்கிய கார்

பக்கத்து வீட்டுத் தூருன் காரில் வருவதைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஓட்டுவது அவள் கணவன் ஹால்வர், பிரேக் போடுவது இவள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தபடி, அங்கே இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டே வருவாள். கல்யாணமான நாளிலிருந்து இதே கதைதான்.

எங்கள் ஊர் முதியோர் இல்லத்தின் சமையலறையில் மீன் உருண்டை பிடித்தே அவள் காலம் போய்விட்டது. ஹால்வர் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். நார்வேயின் வடகோடியில் அவன் ஓட்டாத சாலை இல்லையாம். அதனால் வீட்டில் எந்தக் கார் வாங்கினாலும் அது அவன் முடிவு, அவன் நிறம், அவன் சாவி. தூருனும் வாயைத் திறந்ததில்லை. ஒரே ஒரு முறை திறந்தாள்.

அவள் அக்கா ஹெர்டிஸ் மலைக் கணவாய்க்கு அந்தப் பக்கம் தனியாக இருந்தாள். கோடையில் அவளுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆஸ்பத்திரியும் அந்தப் பக்கம்தான். குளிர்காலத்தில் அங்கே போக அந்த மலைச்சாலையை விட்டால் வேறு வழி கிடையாது. அப்பாவின் நிலத்தை விற்றதில் தூருனின் பங்கு வங்கியில் இருந்தது. அக்காவைப் போய்ப் பார்க்க அந்தப் பணத்தில் கார் வாங்குவது என்று முடிவானது. "நீயும் வா, எனக்குத் துணையா இருக்கும்" என்று கார் கடைக்கு என்னையும் கூட்டிப் போனாள்.

கடைக்காரப் பையன் கடைசிவரை ஹால்வர் முகத்தைப் பார்த்தேதான் பேசினான்.

"சின்னக் காரு போதும். முன்சக்கரம் மட்டும் இழுத்தாக்கூடப் பரவால்ல. டயர் மட்டும் நல்லதா, புதுசா, ஐஸ்ல வழுக்காம பிடிக்கிற ஆணி வச்சதா வேணும்" என்றாள் தூருன்.

ஹால்வர் சிரித்தான். "கேட்டியா தம்பி, எங்க வீட்டு நிபுணரை! நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிக்குப் புது டயர் எதுக்கு?"

"கிளம்புறதுக்கு நாலும் இழுக்கும், சரி. நிக்கிறதுக்கு? ஐஸ்ல அதெல்லாம் டயர் கையிலதான இருக்கு?"

"நாப்பது வருஷம் லாரி ஓட்டுனவன் நானா நீயா?"

நானாவது நாலு வார்த்தை கேட்டிருப்பேன், ஆனால் அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். நாலு சக்கரமும் இழுக்கிற பெரிய கார் வந்தது. தோல் இருக்கை, சூடேறும் ஸ்டியரிங், கூரைமேல் சாமான் பெட்டி எல்லாம் வந்தன. டயருக்கு மட்டும் பணம் பற்றவில்லை. லாரி டிரைவர்கள் கிளப்பில் பழகிய நண்பன் ஒருவன் கழற்றிப் போட்டிருந்த பழைய டயர்களை ஹால்வர் சல்லிசாக வாங்கி மாட்டினான். ஆணிகளில் பாதி உதிர்ந்திருந்தன, ரப்பர் விறைத்துப் போயிருந்தது. ஊரார் காரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள். எவனும் குனிந்து டயரைப் பார்க்கவில்லை.

ஜனவரியில் ஒரு காலை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. இன்றே வாருங்கள், அவர் உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்றார்களாம். அன்று மலையில் பனிப்புயல். அப்படிப்பட்ட நாளில் கார்களை வரிசையாக நிறுத்தி, பனி வாரும் வண்டியின் பின்னால்தான் கணவாயைக் கடக்க விடுவார்கள். எனக்கும் அந்தப் பக்கம் கண் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. தடுப்புக் கம்பத்தருகே என் பழைய டப்பா முன்னால், அவர்களுடைய புது ரதம் பின்னால்.

சாலைத் துறை ஆள் ஒவ்வொரு டயராகத் தடவிக்கொண்டு வந்தார். என் காரைத் தட்டி, "நீங்க போகலாம்" என்றார். ஹால்வருடைய டயரில் அளவுகோலை நுழைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இதை வச்சுக்கிட்டு மேல போக முடியாதுங்க. திருப்பிக்கிங்க."

"யோவ், இது நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி!"

"இழுக்கட்டும். இறக்கத்துல முன்னால போறவன் மேல போய் விழும்ல? திருப்புங்க."

தூருன் கைப்பையோடு இறங்கி என் காருக்கு ஓடி வந்தாள். நான் கதவைத் திறந்து பிடித்தேன். அவள் ஒரு காலை உள்ளே வைத்தும்விட்டாள்.

"தூருன்!" ஹால்வர் கண்ணாடியை இறக்கிக் கத்தினான். "அவ கார்ல போய் உக்காந்தா வரிசை பூராவும் என்னைப் பாத்துச் சிரிக்கும். வந்து ஏறு. நாளைக்குப் போயிக்கலாம்."

"ஏறுடி, அவன் கெடக்கிறான்" என்றேன்.

அவள் பின்னால் நின்ற கார்களைப் பார்த்தாள். எல்லா முகங்களும் அவளைத்தான் பார்த்தன. காலை வெளியே எடுத்தாள். "இன்னைக்குப் பூரா வீட்ல உம்முனு இருப்பாரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளை இழுத்து உள்ளே தள்ளியிருப்பேன். அதற்குள் பனி வாரும் வண்டி நகர்ந்துவிட்டது, பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான்.

கண் டாக்டரை விட்டுவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். "தூருன் வந்துட்டாளா?" என்றாள் ஹெர்டிஸ். வந்துகொண்டிருக்கிறாள் என்றேன். சாயங்காலத்துக்குள் ஹெர்டிஸ் போய்விட்டாள்.

சவ அடக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் ஹால்வர், "என்ன பண்றது, கணவாயை மூடிட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். தூருன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், மறுக்கவில்லை. கணவாய் மூடவில்லை என்பது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அடுத்த வாரமே அவன் புது டயர் போட்டான். இருப்பதிலேயே உசத்தி, பளபளவென்று ஆணிகள். எங்களை முற்றத்துக்கு அழைத்து, குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டினான்.

"இனிமே எந்தப் புயல்லயும் நம்மள ஒருத்தனும் திருப்பி அனுப்ப முடியாது. எங்க வேணாலும் போலாம், தூருன்!"

தூருன் குனிந்து டயரைப் பார்த்தாள்.

"எங்க?" என்று கேட்டாள்.