சஹனுக்கு ஒரு மேசை

என் கணவரின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தபிறகு, முதல் ஏழு மாதத்தில் ஒரே ஒரு தடவைதான் அவர் எங்களோடு இருந்து சோறு தின்றார். இரத்தத்தில் சீனி கூடிய வருத்தக்காரருக்கு உப்பளத்தில் வேலை. பாதத்தில் விழுந்த கீறல் உப்புத் தண்ணீரில் ஆறவேயில்லை, அவ்வளவுதான் கதை.

எங்கள் வீட்டில் இராச்சாப்பாடு சஹனில்தான். அந்தப் பெரிய தட்டில் சோற்றைக் கொட்டி, பாயில் சுற்றியிருந்து நாலு பேரும் ஒன்றாகக் கைபோட்டுத் தின்போம். முள்ளெடுத்த மீனை மகள்மார் இருவரின் பக்கம் தள்ளிவிடுவது அவருடைய வேலை. கால் போனபிறகும் அவரால் பாயில் இருக்க முடிந்தது. எழும்பத்தான் இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டும். அந்த ஒரு நாள் மகள்மார் கைகொடுத்துத் தூக்கும்போது இடுப்பில் கட்டியிருந்த சாரம் அவிழ்ந்துவிட்டது. அன்றிலிருந்து கட்டிலில், சுவரைப் பார்த்தபடி, மடியில் தனிப் பீங்கானில் சோறு.

அந்த முதுகைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. ரமழானின் முதல் நாளான தலைநோன்பு வருவதற்குள் ஒரு மேசை செய்து, அன்றைக்கு நோன்பு திறக்க அவரை எங்களோடு இருத்திவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன். ஆணி அடித்தால் தன் விரலில் அடிக்கிற ஆள் நான். கடையில் வாங்கியிருக்கலாமே என்பீர்கள். கடை மேசையெல்லாம் நீளம். நடுவில் சஹனை வைத்தால் அந்தக் கோடியில் இருப்பவருக்குக் கை எட்டாது. எனக்கு வேண்டியது சதுரம். சின்னவளைச் சுவரோரம் நிறுத்தி, தோளிலிருந்து விரல்நுனி வரை நூல் பிடித்து அளந்தேன். அந்த அளவை வைத்துத்தான் மேசை. மரவேலை செய்யும் ஓடாவியிடம் சொன்னால் இரண்டு நாளில் செய்து தந்திருப்பார். ஆனால் ஏன் சதுரம் என்று அவர் கேட்பார், நான் எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும். வெட்கம் கெட்ட ரோசம்.

பலகை வீட்டிலேயே இருந்தது. உப்புப் பாத்திகளில் தண்ணீரை மறித்து வைக்கும் பலகைகள். புதிதாக மாற்றியபோது, கழித்துப்போட்டவற்றை என் கணவர் எப்போதோ கொண்டுவந்து கொல்லையில் அடுக்கியிருந்தார். இத்தனை வருடத்தில் ஒரு கறையான் கிட்டப் போகவில்லை. இதைவிட நல்ல மரம் எங்கே கிடைக்கும் என்று பெரிய கெட்டிக்காரி போல நினைத்தேன்.

தொலைபேசியில் காணொளி பார்த்துப் பார்த்து வேலை செய்தேன். அதில் வெண்ணெய் போலச் சீவுகிறார்கள். என் கையில் சீவுளி ஆடு மேய்ந்த மாதிரிக் கடித்து வைத்தது. நேராக ஒரு வெட்டு வெட்டப் பத்து நாள் எடுத்தது. ஒருநாள் மரம் அறுக்கும் வாளை எறிந்துவிட்டுக் கிணற்றடியில் இருந்து அழுதேன். மேசைக்காக மட்டும் அழவில்லை. அந்தாள் இனி அப்படியே சுவரைப் பார்த்துக்கொண்டே போய்விடுவாரோ என்ற பயம் அன்றைக்குத்தான் சரியாக வந்து நெஞ்சில் குந்தியது. பிறகு மூக்கைச் சிந்திவிட்டுத் திரும்பப் போய் வெட்டினேன்.

கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னல் கொல்லையைப் பார்த்தது. பகலில் அவர் அதன்வழியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சீவுளியில் மறுநாளே துருப் பிடித்ததும், அரத்தாள் போட்ட பலகையில் வெள்ளையாகப் பூத்ததும் அவருக்குத் தெரிந்திருக்கும். "எப்பிடி இருக்கு?" என்று கேட்பேன். "நல்லா இருக்கு புள்ள" என்பார். எனக்கு அது போதும். வார்னிஷ் அடித்து முடித்தேன்.

தலைநோன்புக்கு முன்னால் இரண்டு நாள் மழை. நோன்பன்று பின்னேரம் கஞ்சிக் கோப்பைகள், வடை, பேரீச்சம்பழம் எல்லாவற்றையும் சஹனில் பரப்பி நடுவில் வைத்தேன். நான் கூப்பிட்டேன், அவர் வந்தார். ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டுக் கதிரையில் இருந்தார். பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அவர் முழங்கையை மேசையில் ஊன்றினார், எடுத்தார். கை நனைந்திருந்தது. வார்னிஷ் பொரிந்து கையோடு வந்தது. மேற்பலகை முழுக்க வியர்த்து, ஆணித் தலைகளைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

நான் துணியை எடுத்துத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க வந்தது.

"உடுங்க" என்றார் பிள்ளைகளுக்குக் கேட்காத குரலில். "உப்புக் குடிச்ச பலகை. எந்தக் காலத்திலயும் காயாது."

"முதல்லயே தெரியுமா?"

"ஓம்."

"அப்ப ஏன் ஒரு சொல்லுச் சொல்லல்ல?"

அவர் கையைச் சாரத்தில் துடைத்தார்.

"நீங்க இத முடிக்க முந்தி நான் மௌத்தாப் போயிருவன் எண்டு நெனச்சன். அதான் சொல்லல்ல."

இத்தனை வருடத்தில் அவர் என்னை 'நீங்க' என்றது, தன் சாவைச் சொன்ன அந்தப் பேச்சில்தான். பள்ளிவாசலில் நோன்பு திறக்கப் பாங்கு சொன்னார்கள். அவர் ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்துச் சின்னவளின் கையில் வைத்துவிட்டுத் தானும் ஒன்று தின்றார். நல்லாகவே சாப்பிட்டார். என் கஞ்சியைப் பெரியவள் பக்கம் தள்ளிவிட்டேன். பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மேசையைத் துடைத்து, மேலே பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு, சஹனை வைத்துவிட்டுக் கூப்பிட்டேன். சுவர்ப் பக்கமாகத்தான் படுத்திருந்தார்.

"மேச காயட்டும் புள்ள," என்றார். "காஞ்ச பிறகு வாறன்."