மூன்றாம் நாள் மோர்

நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீட்டு ரோஜாச் செடியின் இலைகளில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. புளித்த மோரில் தண்ணீர் கலந்து தெளித்தேன். அந்த வாடை என்னைச் சிம்மக்கல் வீட்டு மொட்டைமாடிக்குக் கொண்டுபோனது.

அங்கே அம்மா பன்னிரண்டு தொட்டிகளில் ரோஜா வளர்த்தாள். மாவு தூவியதுபோல் இலைகள் வெளுக்கத் தொடங்கினால், மூன்று நாள் புளிக்க வைத்த மோரைத் தெளிப்பாள். எனக்குப் பத்து வயதிருக்கும்போது, ஒரு காலையில் நெஞ்சுவலி வந்து அவள் இறந்துபோனாள்.

மையவாடியில் அடக்கம் செய்துவிட்டு வந்த அத்தா, அடுப்படியிலிருந்து மோர்ச்சட்டியை எடுத்துக்கொண்டு மாடியேறினார். நானும் பின்னால் போனேன்.

“அத்தா, இப்ப எதுக்கு இது?” என்றேன்.

“ஒங்கம்மா புளிக்க வச்சுட்டுப் போயிருக்காம்மா. இன்னிக்குத்தான் மூணாவது நாளு.”

இலைகளைத் திருப்பித் திருப்பி, அடிப்பக்கமும் நனையத் தெளித்தார். நான் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருவருக்குமே அழுகை வரவில்லை. எல்லாத் தொட்டியும் முடிந்ததும் கீழே போய், துக்கத்துக்கு வந்தவர்களோடு உட்கார்ந்தோம்.

இன்று என்னிடம் இருப்பது ஒரே செடி. இரண்டு நிமிடத்தில் தெளித்து முடித்துவிட்டேன். கையைக் கழுவாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.