ஆறாம் மாச அக்கா

பட்டம் வாங்கிய ஆறாவது மாதம், வெளிநாட்டிலிருந்து வந்து படித்த பிள்ளைகள் எல்லாருக்கும் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு போன் போகும். இப்போது என்ன வேலை பார்க்கிறாய் என்று விசாரிப்பார்கள். அப்படி விசாரிப்பதுதான் அவள் உத்தியோகம். மூன்றாம் மாடியில், ஜன்னல் திறக்க வராத ஓர் அறையில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதினோரு வருடமாக அதே பதினாறு கேள்விகளை வரி மாறாமல் வாசிக்கிறாள். சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது, அது சட்டம். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் 'ஆறாம் மாச அக்கா'.

சும்மா சொல்லக் கூடாது, அந்த போனுக்குப் பயப்படாத பிள்ளையே கிடையாது. விசா ஆபீஸ்காரர்கள்தான் இப்படி வேவு பார்க்கிறார்கள் என்று என்றைக்கோ எவனோ கிளப்பிவிட்டான். அன்றிலிருந்து எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். வாய் கூசாமல் பொய் வரும். ஒருவன் மேனேஜர் என்பான், ஒருத்தி அனலிஸ்ட் என்பாள். பின்னால் பாத்திரம் உருளும் சத்தம் இவளுக்குக் கேட்கும். இவள் காட்டிக்கொள்ள மாட்டாள். தன்னுடைய ஆறாம் மாசத்தில், கேன்டீனில் தட்டு கழுவிக்கொண்டே, "மண் பரிசோதனைக் கூடத்துல இருக்கேன்" என்று அளந்துவிட்டவள்தானே இவளும்! படித்த படிப்பு மண்ணைப் பற்றி. பிழைப்பு போனில் என்று ஆகிவிட்டது.

அன்று காலை போனை எடுத்தவன் சரக்குப் போக்குவரத்தில் முதுகலை முடித்தவன்.

"திட்ட அலுவலரா இருக்கேன் மேடம். பெரிய கம்பெனி."

"கம்பெனி பேரு?"

பின்னால் ஏதோ பெரிய மெஷின் திடுதிடுவென்று சுற்றியது. "பெட்ஷீட் வண்டி எங்கப்பா போச்சு?" என்று யாரோ கத்தினார்கள்.

பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அவள் கேள்வி வரியை விட்டு விலகினாள்.

"தம்பி, நான் விசா ஆபீஸ் இல்ல. என் ஆறாம் மாசத்துல நானும் இப்படித்தான் புளுகினேன். உள்ளதச் சொல்லுங்க. யாரும் உங்க தலையில கல்லப் போட மாட்டாங்க."

மெஷின் சத்தம் தள்ளிப் போனது. வெளியே வந்துவிட்டான் போலிருக்கிறது.

"ஆஸ்பத்திரி சலவைக் கூடத்துல இருக்கேன்க்கா. படிப்புக்கு ஏத்த வேலை இந்த மாசக் கடைசிக்குள்ள கிடைக்கலன்னா விசா முடிஞ்சு ஊருக்கு மூட்டை கட்டணும். திங்கக்கிழமை ஒரு இன்டர்வியூ இருக்கு, அதுதான் கடைசி. பயோடேட்டாவுல இந்த வேலைய எழுதவே இல்ல. அசிங்கமா இருந்துச்சு."

"அங்க என்ன செய்றீங்க? உங்க வார்த்தையில சொல்லுங்க." இது படிவத்தில் இருக்கிற கேள்விதான்.

துணி மடிக்கிறேன் என்றான். அவள் அதே கேள்வியை இன்னொரு தடவை வாசித்தாள். அப்புறம் மெல்ல மெல்ல வந்தது. நானூறு படுக்கைக்கும் பெட்ஷீட் மத்தியானத்துக்குள் தீர்ந்துபோய் நர்ஸுகள் சண்டைக்கு வருவார்களாம். எந்த வார்டுக்கு எத்தனை, எத்தனை மணிக்கு என்று இரண்டு வாரம் குறித்துவைத்து, வண்டி போகும் வரிசையையே மாற்றினானாம். இப்போது சண்டை இல்லையாம். "பெரிய விஷயம் ஒண்ணும் இல்லக்கா" என்று வேறு சொன்னான்.

சொன்னதை டைப் செய்து திருப்பி வாசித்துக் காட்ட வேண்டும், அதுவும் சட்டம். வாசித்தாள்.

"நானூறு படுக்கை கொண்ட மருத்துவமனையில், ஒவ்வொரு வார்டின் தேவையையும் இரண்டு வாரம் குறித்துவைத்து, வண்டிகள் போகும் வரிசையை மாற்றி, தட்டுப்பாட்டைத் தீர்த்தார்."

"நான் செஞ்சதாக்கா இது?"

"நீங்க சொன்னதுதான் தம்பி."

"அத எனக்கு அனுப்ப முடியுமா?"

"அனுப்பக் கூடாது. ஆனா எத்தன தடவ வேணும்னாலும் வாசிச்சுக் காட்டலாம். பேனா இருக்கா?"

மூன்று தடவை வாசித்தாள், கடைசித் தடவை ரொம்ப நிதானமாக.

திங்கட்கிழமை அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பெற்ற பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்பிய மாதிரி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டுக் கேட்கவும் வழியில்லை. ஒருத்தருக்கு ஒரு போன்தான்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, யாருமே திருப்பிக் கூப்பிடாத அந்த நம்பருக்கு ஒரு போன் வந்தது.

"அக்கா, வேலை மாறிடுச்சு. ஒரு குடோன்ல சரக்கு அனுப்புறதுக்குத் திட்டம் போடுற வேலை. விசாவும் நீட்டிக்கலாம்னு சொல்லிட்டாங்க. இன்டர்வியூல அரை மணி நேரம் பெட்ஷீட் வண்டியப் பத்தியேதான் கேட்டாங்க. படிவத்துல மாத்திடுங்கக்கா."

அவள் திரையில் அவனுடைய படிவத்தைத் தேடிப் பார்த்தாள்.

"படிவத்த மூடியாச்சு தம்பி. இனி யாராலயும் மாத்த முடியாது. இவங்க ஏட்டுல நீங்க என்னைக்கும் சலவைக் கூடந்தான்."

"இருந்துட்டுப் போகட்டும்க்கா. உங்ககிட்ட சொல்லணும்னுதான் கூப்பிட்டேன். அம்மாவுக்கே இனிமேதான் சொல்லணும்."