எழுந்திருக்காத ராஜாவும் என் வீட்டுக்காரரும்

எங்கள் வீட்டு பீரோவில் பன்னிரண்டு நாளாகக் கல்யாணப் பத்திரிகைகள் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன. மகளுக்கு மாசி மாதம் கல்யாணம். கட்டிலிருந்து உருவிய முதல் பத்திரிகையை மட்டும் மலைக்கு எடுத்துப் போய் முருகன் காலடியில் வைத்துவிட்டு வந்தாயிற்று. எங்கள் ஜனங்களில் இரண்டாவது பத்திரிகை பெண்ணின் தாய்மாமனுக்கு. பெண்ணின் அப்பா தட்டில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்து நேரில் போய்க் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்காமல் மூன்றாவதை எடுத்து யாரிடமும் நீட்டக் கூடாது. தாய்மாமன் என் தம்பி. ஆர்.கே.பேட்டையில் இருக்கிறான், டவுன் பஸ்ஸில் போய்விடலாம். ஆனால் அவனுக்கும் என் வீட்டுக்காரருக்கும் நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

சொத்துத் தகராறா என்று கேட்பார்கள். சொத்து இருந்தால்தானே தகராறு வரும். இவர்கள் சண்டை ஒரு நாடகப் பாட்டால் வந்தது. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று சம்பந்தி வீட்டில் மட்டும் நிலத் தகராறு என்று சொல்லி வைத்திருந்தேன்.

பள்ளிப்பட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஊர்த் திருவிழா. தம்பி மற்ற நாட்களில் பவர்லூம் ஓட்டுகிறவன், திருவிழாக் காலத்தில் நாடகத்தில் ராஜபார்ட். அன்றைக்குக் கடைசிக் காட்சி. போரில் அடிபட்டு விழுந்த ராஜா தன் குதிரையைப் பார்த்து, நீ மட்டும் வீட்டுக்குப் போ, அவர் எங்கே என்று அவள் கேட்டால் தலையைக் குனிந்து நில், வேறொன்றும் செய்யாதே என்று பாடிவிட்டுச் செத்துப்போக வேண்டும். தம்பி பாடினான். செத்தான். முன்வரிசையில் இருந்த என் வீட்டுக்காரர் எழுந்து நின்று, துண்டைச் சுழற்றி, "ஒன்ஸ்மோர்!" என்று கத்தினார்.

வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். எங்கள் பக்கத்து மேடையில் ஒன்ஸ்மோர் கேட்டால் செத்தவனும் எழுந்திருப்பான். எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, கிரீடத்தைச் சரிசெய்துகொண்டு, இன்னொரு தடவை பாடி, இன்னொரு தடவை சாவான். இதில் யாருக்கும் வெட்கம் கிடையாது. ஒரே ராத்திரியில் நாலு தடவை செத்த ராஜாவை நான் பார்த்திருக்கிறேன். நாலாவது சாவு மட்டும் கொஞ்சம் அவசரமாக இருந்தது. அதிலும் இங்கே கேட்டவர் அக்கா புருஷன், எங்கள் பக்கத்துப் பேச்சில் பாவா. ஆர்மோனியக்காரர் மறுபேச்சில்லாமல் முதல் அடியைத் திரும்ப வாசிக்க ஆரம்பித்துவிட்டார். தம்பி எழுந்திருக்கவில்லை. இவர் இரண்டாவது தடவை கத்தினார். தம்பி கண்ணைக்கூடத் திறக்கவில்லை. மூன்றாவது தடவை கத்தியபோது ஊரே இவரைத் திரும்பிப் பார்த்தது, ராஜாவைத் தவிர. ஆர்மோனியம் பாதியில் நின்றது. திரையை இழுத்துவிட்டார்கள்.

மேடைக்குப் பின்னால் போய் இவர் குதித்தார்.

"ஜனங்க அழுதுகினு இருந்தாங்க பாவா. அப்பப் போயி நான் எழுந்து மண்ணைத் தட்டினா சிரிச்சிட மாட்டாங்களா?" என்றான் தம்பி.

"நீ எழுந்துக்காம என்னைப் பாத்து சிரிச்சாங்களே, அது பரவால்லியா?" என்றார் இவர். "இனிமே உன் பாட்டுக்கு என் தொண்டையிலேர்ந்து ஒன்ஸ்மோர் வராது. பாத்துக்க."

இரண்டு பேரும் சொன்னது நியாயம்தான். அதனால்தான் சண்டை நாலு வருஷம் ஓடியது. ஒருத்தர் மேல் தப்பு இருந்திருந்தால் அடுத்த வாரமே தீர்த்து வைத்திருப்பேன்.

பத்திரிகை அச்சாகி வந்ததும், "அவன் முதல்ல வந்து என்னாண்ட பேசட்டும், அப்பறம் தட்டை எடுக்கலாம்" என்று இவர் சொல்லிவிட்டார். தம்பிக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினால், "பாவா கூப்பிடாம நான் எப்படி வர்றது?" என்று அதே ஆளிடம் பதில் வந்தது. கல்யாணத்துக்கு ஒரு மாதம்தான் இருந்தது. தாய்மாமன் இல்லாமல் என் பெண் எப்படி மணையில் உட்காருவாள்?

அப்போதுதான் மலையடிவாரத்துக் கல்யாண மண்டபத்தில் நாடகப் பாட்டுக் கச்சேரி என்று ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். நாடகம் இல்லை, வேஷம் இல்லை. நாடகங்களில் வரும் பாட்டுகள் மட்டும், தமிழும் தெலுங்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பாடுகிறவர்களில் என் தம்பியும் ஒருத்தன். கண்ணாடி போட்டு, கன்னத்தில் கை வைத்து, ஜோசியக்காரன் மாதிரி ஒரு போட்டோ போட்டிருந்தார்கள்.

தம்பி பாடுகிறான் என்று நான் சொல்லவில்லை. சும்மா போய் உட்கார்ந்துவிட்டு வரலாம் என்று கூப்பிட்டேன். "வேஷம் கட்டாத பாட்டு இன்னா பாட்டு? உப்பு போடாத சோறு" என்றார். சொல்லிக்கொண்டே சலவைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். லுங்கி, துண்டு விற்கிற கடைக்காரர், ஞாயிற்றுக்கிழமை என்றால் கடை லுங்கியிலேயே நாளை ஓட்டுகிறவர், அன்றைக்குப் பட்டுக்கரை வேட்டி. மண்டப வாசலில் அந்த ஃப்ளெக்ஸ் ஆள் உயரத்துக்கு நின்றது. அதன் முன்னால் நின்று, கீழே சின்ன எழுத்தில் இருந்த ஸ்வீட் கடை விளம்பரத்தைச் சத்தம் போட்டுப் படித்தார். மேலே இருந்த முகம் கண்ணில் படவே இல்லையாம். நானும் படாத மாதிரியே உள்ளே போனேன்.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம். பாதிக் கூட்டம் தெலுங்கு, பாதி தமிழ், முக்கால்வாசிப் பேருக்கு இரண்டும். அறிவிப்பாளர் செந்தமிழில் ஒரு தரம், மேடைத் தெலுங்கில் ஒரு தரம் சொன்னார். இரண்டிலும் அவர் பேசியது யாருக்கும் சரியாகப் புரியவில்லை, ஒன்று மட்டும் புரிந்தது. ஏழரை மணிக்கு மண்டபத்தை ஒப்படைக்க வேண்டும், அடுத்து ரிசப்ஷன் இருக்கிறது, ஆகவே ரசிகப் பெருமக்கள் தயவுசெய்து ஒன்ஸ்மோர் கேட்க வேண்டாம். கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. "அப்ப இன்னாத்துக்குக் கச்சேரி?" என்றார் பின்னால் ஒருத்தர்.

கச்சேரி கண்ணியமாக இருக்க வேண்டும் என்று பபூனைக் கூப்பிடாமல் விட்டிருந்தார்கள். பபூன் எங்கே என்று மூன்று பேர் எழுந்து கேட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். ஸ்திரீபார்ட் பாட்டுகளை அறுபது வயதுப் பெரியவர் ஒருத்தர் மீசையோடு பாடினார். முதல் பாட்டில் மீசை தெரிந்தது, இரண்டாவது பாட்டில் மறந்துபோயிற்று. கணவனைத் தேடிக் காட்டுக்குள் போகிற பெண் மட்டும்தான் தெரிந்தாள். பத்தியம் என்கிற தெலுங்குச் செய்யுள் பாட வந்தவர் கடைசி எழுத்தைப் பிடித்து இழுத்த இழுவைக்கு என் பக்கத்தில் இருந்த அம்மாள் வெளியே போய் டீ குடித்துவிட்டே வந்துவிட்டாள். வந்து உட்கார்ந்த பிறகும் அவர் அதே மூச்சில் இருந்தார். இவர் ஒவ்வொரு பாட்டுக்கும் என் காதருகில் தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தார். "சுருதி பத்தல." "இது பாட்டு இல்ல, ஏலம்." கால் மட்டும் கீழே தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

பிறகு தம்பி வந்தான். வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேன்ட். இளைத்திருந்தான். காதோரம் நரைத்திருந்தது. அதை நான் பார்த்ததே இல்லை. கிரீடமும் கத்தியும் இல்லாமல் அவனுக்கு நிற்கத் தெரியவில்லை. ஒரு கையில் மைக், இன்னொரு கை இடுப்பில் கத்தியைத் தேடிப் போய்ப் போய்த் திரும்பியது. இவர் தீர்ப்பு சொல்வதை நிறுத்திவிட்டு மேலே மின்விசிறியைப் பார்த்தார்.

அவன் எடுத்தது அந்தக் குதிரைப் பாட்டு.

வேஷத்தோடு கேட்டபோது பாதிக் கவனம் அவன் எப்படி விழுவான் என்பதிலேயே இருந்துவிடும். இப்போது விழ வேண்டிய வேலை இல்லை. நின்றுகொண்டே பாடினான். அவர் எங்கே என்று அவள் கேட்டால் தலையைக் குனிந்து நில் என்ற இடம் வந்தபோது குரலைக் கூட்டவில்லை, வாசலில் நின்று யாரிடமோ பேசுகிற மாதிரி தணித்தான். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வெட்கமில்லாமல் முந்தானையால் துடைத்துக்கொண்டேன். பாட்டு முடிந்தது. ஜனங்கள் கை தட்டினார்கள். அறிவிப்பாளரின் கட்டளைக்குப் பயந்து யாரும் வாயைத் திறக்கவில்லை. தம்பி கும்பிட்டுவிட்டு மைக்கைக் கீழே வைக்கக் குனிந்தவன், எங்கள் வரிசையைப் பார்த்து அப்படியே நின்றான்.

பிறகு மைக்கைத் திரும்ப எடுத்தான். "மூணாவது வரிசைல ஒருத்தர் ஒன்ஸ்மோர் கேக்கறாரு" என்றான்.

அறிவிப்பாளர் பதறி வந்து, "யாரும் கேட்கவில்லையே, ஐயா" என்றார்.

"எனக்குக் கேட்டுச்சுங்க."

நான் பக்கத்தில் திரும்பினேன். இவர் உதட்டைக் கெட்டியாக மூடிக்கொண்டு, திருடன் மாதிரி முழித்துக்கொண்டிருந்தார்.

பவர்லூம் ஷெட்டில் வேலை செய்தவர்களுக்கு இது புரியும். தறிகள் எல்லாம் ஒன்றாக ஓடும்போது காதோடு காதாகக் கத்தினாலும் கேட்காது. உள்ளே எல்லாருமே சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்துத்தான் பேசுவார்கள். ஷெட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் சாப்பாட்டு நேரம், ஊர் வம்பு, முதலாளியைத் திட்டுவது எல்லாம் வாயசைப்பிலேயே நடக்கும். கடை வைப்பதற்கு முன்னால் இவரும் என் தம்பியும் பல வருஷம் எதிரெதிர்த் தறியில் நின்றவர்கள். என்னைப் பெண் கேட்டதே இவர் தறி ஓடிக்கொண்டிருந்தபோது வாயசைத்துத்தான். தம்பியும் தறியை நிறுத்தாமலே பதில் சொல்லிவிட்டான். என்னை யாரும் கேட்கவில்லை, அது வேறு கதை. தொண்டையிலிருந்து வராது என்று சபதம் போட்டவர் தொண்டையைத் தொடவே இல்லை. உதடு பழைய பழக்கத்தில் தானாகக் கேட்டுவிட்டது.

ஆர்மோனியக்காரர் முதல் அடியை எடுத்தார். தம்பி இன்னொரு தடவை பாடினான். முதல் தடவையைவிட நன்றாகப் பாடினான். ரிசப்ஷன்காரர்கள் பூ அலங்காரத்தோடு வாசலுக்கு வந்துவிட்டிருந்தார்கள். அவர்களும் பூக்கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்று கேட்டார்கள்.

கச்சேரி கலைந்ததும் தம்பி மேடையை விட்டு இறங்கி எங்களிடம் வந்தான். இரண்டு பேரும் ஒருவர் சட்டைப் பொத்தானை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ரெண்டாவது தபா நடுவுல மூச்சு வாங்கிட்ட" என்றார் இவர்.

"ஆங். கொஞ்சம் வாங்கிட்டேன் பாவா."

"தண்ணி குடிச்சிட்டு ஆரம்பிச்சிருக்கலாம்."

"குடிச்சிருக்கலாம்."

இவர் வேட்டியைத் தேவையில்லாமல் அவிழ்த்துக் கட்டினார். "நாளைக்குக் காலைல வூட்ல இருப்பியா?"

எங்கள் ஜனங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். தம்பி முகம் மாறியது. "இருப்பேன் பாவா. எங்க போவப் போறேன்" என்றான். பிறகுதான் என் பக்கம் திரும்பி, நேற்றுப் பார்த்துவிட்டுப் போனவன் போல, "இன்னாக்கா, ஒண்ணுமே பேசமாட்டேன்ற?" என்று சிரித்தான்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பன்னிரண்டு நாளாக இதற்குத்தான் சாமி கும்பிட்டேன். ஆனால் என் கை அவன் முதுகில் ஓங்கி விழுந்தது. நாற்காலி மடக்கிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவரு ஒன்ஸ்மோர் கேட்டாரு, நீ எழுந்துக்கல. சரி. நான் உன்னை இன்னாடா கேட்டேன்? நாலு ஆடிக் கிருத்திகைக்கு என் தெரு வழியாத்தானே காவடி எடுத்துகினு மலைக்குப் போன? ஒரு சொம்பு தண்ணி குடிக்க உள்ள வந்தியா?"

"பாவா வூடுன்னு..." என்று இழுத்தான்.

"அது என் வூடு இல்லியாடா?"

மண்டபம் முழுக்கக் குரலால் நிறைத்தவன் தரையைப் பார்த்தான். எந்தப் பாட்டுக்கும் தீர்ப்பு வைத்திருப்பவர் என் வீட்டுக்காரர். அவரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கௌரவம், மரியாதை என்று நாலு வருஷம் பேசிய இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஒருத்தி இருந்தேன் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது போலிருந்தது. எனக்கு அழுகை நிற்கவில்லை. இந்தத் தடவை பாட்டுக்காக இல்லை.

கடைசியில் இவர்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"மச்சான்" என்றார். "நாளைக்குத் தட்டை நான் தர மாட்டேன். உங்கக்கா தருவா. அவ கையால வாங்கிக்க."

எங்கள் ஜனங்களில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஆர்.கே.பேட்டையில் இறங்கியதும் தட்டோடு நான் முன்னால் நடந்தேன். இவர் எனக்குப் பின்னால் வந்தார்.