பாட்டில்மேல் பெருமாள்

புதுப் பொருள் செய்து விற்பது என்பது, யாருமே கேட்காத கேள்விக்குப் பதில் தயாரித்து, அதைப் பாட்டிலில் அடைத்து, கடை கடையாகத் தூக்கிக்கொண்டு அலைகிற வேலை. வீட்டிலிருந்தே ஊறுகாய், சோப்பு, கேக் என்று எதையாவது செய்து வாட்ஸ்அப்பில் படம் போட்டுவிட்டு, அடுப்பைப் பார்ப்பதா போனைப் பார்ப்பதா என்று தவிக்கும் அக்கா தங்கைகளே, உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்?

என் பொருள் சைவ சம்பல், அரைத்து வதக்கிய மிளகாய்த் தொக்கு. புரட்டாசி வந்தால் நம் வீடுகளில் கவிச்சி கிடையாது. ஆனால் காலையில் தேங்காய்ப்பால் சோற்றோடு சம்பல் வைத்த நாசி லெமாக் சாப்பிடாமல் பாதிப் பேருக்குப் பொழுதே விடியாது. அந்தச் சம்பலிலோ நெத்திலியும் இறாலை அரைத்துப் புளிக்கவைத்த பெலாச்சானும் கிடக்கும். ஊரே ஒரு மாதம் ஏங்குகிற சாமான், செய்தால் போகாமலா இருக்கும் என்று நினைத்தேன். நான் படித்தது தெலுக் இந்தான் பக்கம் ஒரு கம்பத்துக் கிராமப் பள்ளியில். மார்க்கெட்டிங் என்றால் பாசாருக்குப் போய் மீன் வாங்குவது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

மகள் யாழினி பிறந்ததும் துறைமுகத்து ஆபீஸ் வேலையை விட்டுவிட்டேன். லோரி ஓட்டும் என் வீட்டுக்காரர் குமரன் கோபமாக இல்லை, கணக்காகச் சொன்னார்: "புரட்டாசி முடியிற வரைக்கும் செஞ்சு பாரு. ஓடலன்னா நீ திரும்ப ஆபீசுக்குப் போ, பாப்பாவ பேபிசிட்டர்கிட்ட விட்டுருவோம்." யாழினி அப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்க ஆரம்பித்திருந்தாள். பேபிசிட்டர் என்று கேட்டாலே அவளை வாரி இடுப்பில் வைத்துக்கொள்வேன். அன்றிலிருந்து ஒரு இடத்தில் உட்கார்ந்ததில்லை.

நெத்திலி எங்கே?

ருசி பார்க்க ஆள் வேண்டுமே. குமரனோடு வேலை செய்யும் லோரிக்காரர்களுக்கு டப்பாவில் கொடுத்தனுப்பினேன். தப்பு என்னவென்றால், அது புரட்டாசிக்கு முந்திய மாதம். எல்லாரும் வயிறாரக் கவிச்சி சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். போன டப்பாவெல்லாம் "ஏதோ ஒண்ணு குறையுது" என்ற செய்தியோடு திரும்பி வந்தது.

நான் விடுவேனா? தெம்பே என்ற புளித்த பயறுக் கட்டியை நறுக்கிப் பொரித்தேன், நமுத்துப் போனது. சோயாவைப் போட்டேன், பஞ்சு மாதிரி இருந்தது. கடைசியில் சீனக் கடையில் வாங்கிய காய்ந்த காளானின் தண்டைக் கிழித்து மொறுமொறுவென்று பொரித்துப் போட்டதும்தான் பல்லில் கடிபட்டது. இதற்குள் என் மாமியார் வந்து, "புரட்டாசிக்குன்னு சொல்லிட்டு வெங்காயம் பூண்டு போட்டா நான் தொடமாட்டேன்" என்றார். அதையும் எடுத்துவிட்டு இஞ்சி, எலுமிச்சை வாசமடிக்கும் செராய்ப் புல், புளி என்று முதலிலிருந்து ஆரம்பித்தேன். புது டப்பாவைக் காலி செய்த லோரிக்கார அண்ணன் ஒருவர் எனக்குப் போன் போட்டார்: "தங்கச்சி, சம்பல் ஜோர் லா! நெத்திலி மட்டும் போட மறந்துட்டீங்க."

சங்கு, சக்கரம், நாமம்

லேபிள் அடிக்கக் கிள்ளானில் ஒரு அச்சுக்கடைக்குப் போனேன். கம்ப்யூட்டரில் இருந்த பெண் ஒரு மிளகாய்ப் படம் போட்டுக் காட்டினாள். எனக்குப் பிடிக்கவில்லை. புரட்டாசிப் பொருள், பார்த்ததும் கை கும்பிடத் தோன்ற வேண்டாமா? நடுவில் பெருமாள், இரண்டு பக்கமும் சங்கு சக்கரம், சுற்றிலும் தங்கக் கலர். 'சம்பல்' என்ற எழுத்து அவர் காலடியில் பொடியாக. 'வெங்காயம் பூண்டு இல்லை' என்பது அதைவிடப் பொடியாக.

யாழினியை இடுப்பில், பாட்டில்களைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொமுட்டர் ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவுக்குப் போனேன். தள்ளுவண்டி குழந்தைக்கு வாங்கியது, ஆனால் அவளைவிட சம்பல்தான் அதில் அதிகம் சவாரி செய்திருக்கிறது. மளிகைக் கடை மாணிக்கம் அண்ணன் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புரட்டாசி முடியும்வரை கல்லாவுக்குப் பக்கத்தில், கற்பூரம் ஊதுபத்தித் தட்டில் இடம் தருவதாகச் சொன்னார். முதல் சனிக்கிழமையே தட்டு காலி. நான் கடை வாசலிலேயே குதித்தேன். மாணிக்கம் அண்ணன் கல்லாவை விட்டு எழுந்திருக்காமலே சொன்னார்: "தங்கச்சி, ஒரு ஆன்டி இத வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. சம்பல்னு தெரிஞ்சுதான் வாங்கினாங்களான்னு தெரியல."

காலி பாட்டில்

இரண்டாவது வாரம் ஒரு டீச்சர் கடைக்கு வந்திருந்தார். கையில் கனத்த பை. சம்பல் பிரமாதம் என்றார், பிள்ளைகள் ரொட்டிக்குக்கூடத் தொட்டுக்கொள்கிறார்கள் என்றார். நான் பூரித்து நிற்கும்போதே பையை என் கையில் திணித்தார். உள்ளே கழுவித் துடைத்த காலி பாட்டில்கள். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்தும் வாங்கி வந்திருக்கிறார். சாமி படத்தை யாராலும் குப்பையில் போட முடியவில்லையாம்.

அடுத்தடுத்து எல்லாரும் கொண்டுவந்து தர ஆரம்பித்தார்கள். மாணிக்கம் அண்ணன் எனக்கென்று ஒரு பெட்டியே வைத்துவிட்டார். சம்பலோடு போய், பாட்டிலோடு திரும்புவேன். எனக்கு மட்டும் மனசு வருமா? தண்ணீரில் ஊறவைத்து லேபிளை உரித்தேன். உரித்த லேபிளை எங்கே போட? அதுவும் சாமிதானே! காயவைத்து அடுக்கி சாமி மேடையில் வைத்தேன். விளக்கேற்ற வந்த குமரன் வத்திப்பெட்டியைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டுக் கத்தினார்: "ஏம்மா, இங்க பெருமாள் கூட்டமா இருக்காரு. மத்த சாமிங்க நிக்க இடமில்ல!"

புரட்டாசி முடிந்த மறுநாள்

கடைசிச் சனிக்கிழமையோடு விற்பனை நின்றது. குறையவில்லை, நின்றது. காளான் தண்டுக்கு ஆசைப்பட்டவர்கள், ரொட்டிக்குத் தொட்டுக்கொண்ட பிள்ளைகள், எல்லாரும் எங்கே போனார்கள்? டீச்சரையே கேட்டேன். அவர் பாவம், சங்கடத்தோடு சொன்னார்: "வீட்டுல கோழி ஆக்குறோம்மா. பெருமாள வச்சுக்கிட்டு எப்படிச் சாப்பிடறது?"

தீபாவளி முறுக்கு வரப்போகிறது, தட்டைக் காலி செய் என்று மாணிக்கம் அண்ணன் சொல்லிவிட்டார். மீதிப் பாட்டில்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு பண்டமாரானில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பினேன். பழைய ஆபீசுக்குப் போன் செய்தேன். தீபாவளி கழித்து வந்து சேரச் சொன்னார்கள். அடுத்த வரிசை வீடுகளில் இருக்கும் பேபிசிட்டர் அக்கா வீட்டுக்கு யாழினியைப் பழக்க அழைத்துப் போனேன். ஐந்து பிள்ளைகள், ஒரு டிவி. யாழினி என் டீசர்ட்டைப் பிடித்த பிடியில் கழுத்துப்பட்டி கிழிந்தது. அக்கா சிரித்தார்: "பிள்ளைங்க பழகிரும்மா. தாய்ங்கதான் லேட்டாகும்."

லிங் ஆன்டி கண்ட குறை

அங்கிருந்து வரும் வழியில்தான் பாசாரில் தவ்பூ, அதாவது சோயாப்பால் கட்டி, விற்கும் லிங் ஆன்டி. பக்கத்துக் கடைக்காரர்களோடு பழகிப் பழகித் தமிழை நம்மைவிடச் சத்தமாகப் பேசுவார். தள்ளுவண்டியில் இன்னும் கிடந்த மீதிப் பாட்டிலைப் பார்த்து, சாமி விளக்குக்கு ஊற்றுகிற எண்ணெயா என்று கேட்டார். சம்பல் ஆன்டி, வெங்காயம் பூண்டுகூட இல்லை என்றேன். அவ்வளவுதான், கையிலிருந்த தவ்பூவைக் கீழே வைத்துவிட்டார். சீன மாதத்தில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அவர் வீட்டில் சைவம். வெங்காயம் பூண்டு ஆகாது. இப்படி ஒன்றைத்தான் வருஷம் முழுக்கத் தேடுகிறாராம்.

அங்கேயே திறந்து, பொரித்த தவ்பூவில் தடவி வாயில் போட்டார். கண்ணை மூடினார். நான் யாழினியை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினேன், திரும்ப மாற்றினேன். மென்று முடித்து, பாட்டிலை என் முகத்துக்கு நேரே நீட்டினார்: "அம்மா, சாமி நல்லா தெரியுது. சம்பல் எங்கன்னுதான் தெரியல."

மிளகாய்ப் படம்

நேரே கிள்ளான் அச்சுக்கடைக்கு ஓடினேன். நான் வேண்டாமென்று சொன்ன அந்த மிளகாய்ப் படம் இன்னும் கம்ப்யூட்டரில் இருந்தது. மூன்று மொழியில் 'சைவ சம்பல்', அதே அளவில் 'வெங்காயம் பூண்டு இல்லை'. பெருமாளுக்கு ஒரு மூலையில்கூட இடமில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

லிங் ஆன்டி தன் தவ்பூவுக்குப் பக்கத்திலேயே அடுக்கிக்கொண்டார். மாணிக்கம் அண்ணனிடம் கெஞ்சி, ஊதுபத்தித் தட்டு வேண்டாம், ரொட்டிக்குப் பக்கத்தில் ஒரு மூலை போதும் என்று வாங்கினேன். இப்போது ஆபீஸ் போகும் சீனப் பெண்கள் எடுத்தார்கள். இறால் ஒத்துக்கொள்ளாத மகனுக்காக ஒரு மலாய்க்கார அக்கா எடுத்தார். டீச்சர் கோழிக் குழம்புக்கே தொட்டுக்கொண்டார். தீபாவளிக்கு முந்திய நாள், நான் ஆபீசுக்குப் போட வேண்டிய சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது மாணிக்கம் அண்ணன் போன்: "தங்கச்சி, ரொட்டிப் பக்கம் காலி. எப்ப கொண்டு வர்ற?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. குமரன் எழுந்து வந்து தேய்ப்புப் பெட்டியை அணைத்தார். யாழினியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனவர் அங்கிருந்தே சொன்னார்: "பேபிசிட்டர் அக்காகிட்ட நானே சொல்லிடறேன். நீ போய் காளான ஊறப் போடு."

ஆக சகோதரிகளே, பாட்டிலுக்குள் என்ன போடலாம் என்று நாம் தூக்கமில்லாமல் தவித்தாலும், வாங்குகிறவருக்கு முதல் கவலை காலி பாட்டிலை எங்கே போடுவது என்பதுதான்.